பினாங்கு வழக்கறிஞர் ஒருவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக முடியுமா? என்ன வழக்குகள் வரும்?

முடியும். அரசியலமைப்பின் 123ஆவது விதிப்படி, மலேசியக் குடிமகனாகவும் நியமனத்துக்கு முந்திய 10 ஆண்டுகள் வழக்கறிஞராகவோ அரசின் நீதி, சட்டச் சேவையிலோ இருந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் முதலில் நீதி ஆணையராகத்தான் (நீதிபதியின் அதிகாரத்தோடு குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படுபவர்) அமர்கிறார்கள். வாதத்திறமை மட்டும் போதாது. தீர்ப்பைக் காலத்தோடு, தெளிவாக எழுதுவாரா என்பதையும் நீதிபதிகள் நியமன ஆணையம் பார்க்கும். ஓய்வு 66 வயதில்.

கோலாலம்பூரில் வணிகம், குடும்பம், குற்றவியல் எனத் தனிப்பிரிவுகள் உண்டு. சிவிலில் பொதுவாக 10 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்டவை உயர் நீதிமன்றத்துக்கு வரும். சாலை விபத்து இழப்பீடு எவ்வளவு பெரிதானாலும் அதற்குக் கீழுள்ள செஷன்ஸ் நீதிமன்றத்துக்கே. முஸ்லிம் அல்லாதார் மணவிலக்கும், மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களும் உயர் நீதிமன்றத்தில்தான்.

அரசுத் துறை முடிவை எதிர்த்து நீதிமுறை மறுஆய்வு கேட்பவர்கள் கோட்டை விடுவது கெடுவில்: 3 மாதங்களுக்குள் அனுமதி மனு போட வேண்டும். மேல்முறையீட்டுக் கடிதம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் நாள் ஓடிவிடும்.