காளான் செடியா, விலங்கா? புளோக்குக்குக் கீழே புல்லில் முளைப்பதைச் சமைக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சமைக்காதீர்கள். காரணம் கடைசியில் வருகிறது.

காளான் செடியும் இல்லை, விலங்கும் இல்லை. 1969-ல் விட்டேக்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் உயிர்களை ஐந்து பேருலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி இடம் கொடுத்தார். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளின்படி, செடியைவிட விலங்குதான் அவற்றுக்கு நெருங்கிய சொந்தம். இறால் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற கெட்டிப்பொருள்தான் பூஞ்சையின் செல்சுவரிலும் இருக்கிறது. மிஞ்சிய உணவை அது மாவுச்சத்தாக வைப்பதில்லை. நம் ஈரலைப் போலக் கிளைக்கோஜனாகச் சேர்க்கிறது.

நாம் காளான் என்று சொல்வது பூஞ்சையின் காய் மாதிரி. வித்துகளைப் பரப்ப மட்டுமே அது தலைகாட்டுகிறது. உடம்பு முழுக்க மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் மெல்லிய இழைகளாக ஓடுகிறது. அந்த இழைகளைப் பார்க்க ஆசையென்றால் இங்கே சிங்கப்பூரில் கேலாங் சிராய் சந்தையில் ஒரு தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) வாங்கிக் குறுக்கே வெட்டுங்கள். சோயா பயறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் வெள்ளைப் பஞ்சு ரைசோபஸ் என்ற பூஞ்சை. அது குடை விடாத இனம், ஆனாலும் உடம்பு இழைதான். நாம் விழுங்கிவிட்டுச் செரிக்கிறோம். அது நொதிகளை வெளியே விட்டு, இருந்த இடத்திலேயே உணவைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 1929 முதல் வேலை பார்த்த கார்னர் என்ற தாவரவியலாளர், மரத்தில் தட்டுத்தட்டாக ஒட்டியிருக்கும் காளான்களை அவற்றின் இழை வகையை வைத்துப் பிரித்தறிய வழிகாட்டினார். எனக்கு இன்னும் பிடித்தது அதே பூங்காவின் ஆர்க்கிட் கதை. ஆர்க்கிட் விதை தூசி போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1928-ல் பூங்காவின் இயக்குநர் ஹோல்ட்டம் அங்கே கலப்பின வேலையைத் தொடங்கியபோது, பூஞ்சையின் வேலையைக் கண்ணாடிக் குடுவையில் சர்க்கரை கலந்த கூழ் பார்த்துக்கொண்டது. புக்கிட் தீமாவில் அண்ணாந்து பார்க்க வைக்கும் செராயா மரங்களின் வேர்களிலும் பூஞ்சைகள் உண்டு. அவை மண்ணின் சத்தைக் கொடுத்து மரத்திடம் சர்க்கரை வாங்குகின்றன.

இதுவரை பெயர் வைத்தவை சுமார் 1,50,000 இனங்கள். மொத்தம் 22 முதல் 38 லட்சம் இருக்கலாம் என்பது 2017-ல் வந்த கணிப்பு.

இப்போது சமையல். ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தை ஒரு மழைக் காலையில் புல்தரையிலிருந்து மடி நிறைய வெள்ளைக் குடைகளோடு வந்து நின்றார். ஊரில் புற்றுக்காளான் பறித்துப் பழகிய கை. ஆனால் புற்றுக்காளான் கறையான் புற்றுக்குள் வளர்ப்பது. அவர் அங்கே நம்பியது புற்றை. இங்கே புல்லில் வருவதில் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற ஒன்று உண்டு. தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சமைத்தாலும் நம்ப முடியாது. இளசில் அடிமடிப்புகள்கூட வெள்ளையாகவே இருக்கும் என்பதால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அத்தை. ஒரு விரிந்த குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி வைத்தேன். மறுநாள் காலையில் அவரே கிண்ணத்தை எடுத்தார். தாளில் வட்டமாகப் பச்சைப் பொடி: அந்த நச்சுக் காளானின் வித்துகள். மீதியைத் தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு முறை கை கழுவினார்.