செந்தூராவுக்கு மைனஸ் 40 ஏன் வருகிறது?

கேள்வி: காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்து மாந்தோப்புகளில், தோப்புக்கு ஐந்து மரம் என்று வயது, ரகம், காய்ப்பு (கிலோ) எடுத்து, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ரிக்ரெஷன் (வயது, ரகத்தைப் பொறுத்து காய்ப்பு எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) போட்டேன். நாலு ரகம் கொடுத்தும் மூன்றுக்குத்தான் எண் வருகிறது, அல்போன்சாவைக் காணோம். வயதுக்கும் ரகத்துக்கும் நடுவில் பெருக்கல் குறி போட்டதும் செந்தூராவுக்கு மைனஸ் 40, வயது–செந்தூராவுக்கு 4 என்று வருகிறது. செந்தூரா அவ்வளவு மோசமா?
– முதுகலை மாணவி, பர்கூர்

பதில்: இல்லை. முதலில் அல்போன்சா. மற்ற மூன்று ரகங்களும் அதோடுதான் ஒப்பிடப்படுகின்றன, அதனால் அதற்குத் தனி வரி கிடையாது. நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஆங்கில அகர வரிசையில் முதலில் வரும் ரகத்தை ஆர் அடிப்படையாக வைத்துக்கொள்ளும். எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு மென்பொருளின் ஜிஎல்எம் கட்டளை கடைசி ரகத்தை வைத்துக்கொள்ளும். எண்கள் மாறும், கணித்துத் தரும் காய்ப்பு மாறாது. கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராதான் உங்கள் பக்கம் முக்கியம். நானாக இருந்தால் 'ரீலெவல்' கட்டளை கொடுத்து அதையே அடிப்படையாக்குவேன்.

இனி மைனஸ் 40. பெருக்கல் குறி போட்டால் வயது, ரகம், இரண்டும் சேர்ந்த, அதாவது வயதின் பலன் ரகத்துக்கு ரகம் மாறுவதைக் காட்டும் இன்டராக்‌ஷன் என மூன்றும் மாடலில் நுழையும். அதன்பிறகு செந்தூரா வரி சொல்வது, மரத்தின் வயது பூஜ்யமாக இருந்தால் அல்போன்சாவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. அந்த வயதில் மரம் ஏது, காய் ஏது? வயது ஒன்று கூடும்போதெல்லாம் செந்தூரா 4 கிலோ நெருங்கி வருகிறது. 10 வயதில் வித்தியாசம் தீர்ந்துவிடும். 15 வயதில் செந்தூராதான் 20 கிலோ கூடுதல்!

வயதிலிருந்து 15-ஐக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். மைனஸ் 40 இருந்த இடத்தில் 20 நிற்கும், இன்டராக்‌ஷன் அதே 4. அந்த வரியின் பி மதிப்பும் (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ தற்செயலாக வரும் வாய்ப்பு) மாறிவிடும். பூஜ்யத்தை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிற பி மதிப்பு 0.05-ஐத் தாண்டியது என்று ரகத்தை மாடலிலிருந்து தூக்கிவிடாதீர்கள். பல ஆய்வேடுகள் கெடுவது இங்கேதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஒரே தோப்பின் ஐந்து மரங்களுக்கும் மண், தண்ணீர், பராமரிப்பு எல்லாம் ஒன்று. சாதாரண ரிக்ரெஷனுக்கு அது தெரியாது, ஐந்தையும் தனித்தனிச் சான்றாக எண்ணிவிடும். ரகங்களுக்கு இடையிலான வித்தியாசம் உள்ளதைவிட உறுதியாகத் தெரிய அது வழிவிடும். ஆரின் எல்எம்இ4 தொகுப்பில் தோப்பை ரேண்டம் எஃபெக்டாக, அதாவது தோப்புக்குத் தோப்பு தற்செயலாக மாறும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டுங்கள், அந்த முடிவை வைத்தே ஆய்வேட்டை எழுதுங்கள்.