ஏர்கான் கழற்றத் தெரியும், எழுத வரவில்லை

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஏர்கான் பழுதுபார்க்கப் படிக்கிறான். கைவேலை நன்றாக வருகிறது. கையேட்டைப் பிரித்தால் முதல் பக்கத்தோடு மூடிவிடுகிறான். சர்வீஸ் ரிப்போர்ட்டில் ‘செக் பண்ணியாச்சு, ஓகே’ என்பதற்கு மேல் எழுதுவதில்லை. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் எப்படி உதவுவது?
- வாசகி, ஈசூன்

பதில்: முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் சிக்கல். கையேட்டுக்குள் ஒரு கேள்வியோடு நுழைய வேண்டும். ஏர்கானுக்குள் இருக்கும் குளிர்ச்சிச் சுருளை (காயில்) கழுவும் ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத்தாளில் (சேஃப்டி டேட்டா ஷீட்) ஆரம்பியுங்கள். எந்த நிறுவனத்தின் தாளானாலும் 16 பிரிவுகள், ஒரே வரிசை. முதலுதவி 4ஆவது, கையுறை, கண்ணாடி போன்ற தற்காப்பு 8ஆவது. ‘கண்ணில் தெறித்தால் என்ன செய்வாய்?’ என்று கேளுங்கள். தேடிப் படித்துவிட்டு உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். உங்களுக்குப் புரியவில்லை என்றால் அவனுக்கும் சரியாகப் புரியவில்லை. ஆங்கிலம் வராதது இங்கே உங்களுக்குச் சாதகம்தான்!

அடுத்து, செய்முறை. பொருத்தும் வேலையின் படிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துவிட்டு, அவனை அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு சீட்டை இடம் மாற்றினால் என்ன கெடும் என்றும் சொல்ல வேண்டும். குழாய்களை வேக்குவம் செய்யுமுன், அதாவது உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்குமுன், வெளி யூனிட்டின் வால்வைத் திறந்தால், அந்தக் காற்றும் ஈரமும் குளிரூட்டும் கேஸோடு கலந்துவிடும். ‘பிஃபோர்’, ‘அன்டில்’ போன்ற சிறு சொற்களைத் தாண்டிப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ரிப்போர்ட்டுக்கு நான்கு விஷயம் போதும்: வாடிக்கையாளர் சொன்னது, கண்டது அல்லது அளந்தது, செய்தது, செய்தபின் சோதித்தது. ‘தண்ணீர் சொட்டுவதாகச் சொன்னார். வடிகுழாயில் அழுக்கு அடைத்திருந்தது. உறிஞ்சி எடுத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினேன், தேங்காமல் வெளியேறியது.’ அளக்காமலே ‘கேஸ் குறைவு’ என்று எழுதுவது மோசமான பழக்கம். அடுத்து வருபவர் அதை நம்பிக் கேஸ் ஏற்றிவிட்டுப் போவார். பழுது அப்படியே இருக்கும்.

கேள்வி: பட்டறை வகுப்பில் கலந்துரையாடல் வைத்தால் இருவர் பேசுகிறார்கள், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்.
- பயிற்றுநர், உட்லண்ட்ஸ்

பதில்: ஒரே விடையுள்ள கேள்வி கேட்டால் அப்படித்தான் ஆகும். அதே சொட்டும் ஏர்கானைக் கொடுங்கள். வடிகுழாய் அடைத்திருக்கலாம், யூனிட் சாய்வாக மாட்டப்பட்டிருக்கலாம், அழுக்கு ஃபில்டரால் காயிலில் பனி பிடித்து உருகியிருக்கலாம். நால்வர் குழுவில் ஒருவருக்கு வாடிக்கையாளர் புகார், ஒருவருக்குப் புகைப்படம், ஒருவருக்கு அளவீடுகள், ஒருவருக்குக் கையேட்டின் பழுதுப் பக்கம். தன் தாளைப் பிறருக்குக் காட்டக்கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

பேசத் தொடங்குமுன் இரண்டு நிமிடம், தம் சந்தேகத்தையும் முதலில் எதைச் சோதிப்பார்கள் என்பதையும் தனித்தனியே எழுதட்டும். இதை விட்டால் முதலில் வாய் திறப்பவர் சொன்னதே குழுவின் முடிவாகிவிடும். முடிவில் கருத்தை மாற்றிக்கொண்டவர்கள், எந்தத் தகவலால் மாற்றினோம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். மதிப்பெண்ணை அந்த வரிக்குக் கொடுங்கள்.