எமர்ஜென்சி டாக்டரின் தகுதியும் இன்ஷூரன்ஸ் கணக்கும்: அமெரிக்கவாழ் வாசகர்களின் கேள்விகள்

எங்கள் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில் (அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில்) உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் மகனைக் கூட்டிப் போனோம். ஆஸ்பத்திரி பில்லையும் கட்டிவிட்டோம். இப்போது, கேள்வியே படாத ஒரு டாக்டர் குழு 1,140 டாலர் கேட்டு பில் அனுப்பியிருக்கிறது. மோசடியா?

பெரும்பாலும் மோசடி இல்லை. ஆனால் பில்லைப் பார்த்தவுடன் கட்டிவிடவும் வேண்டாம். எமர்ஜென்சி ரூமுக்குப் போனால் குறைந்தது இரண்டு பில் எதிர்பார்க்கலாம். அறை, நர்ஸ், மருந்து, மெஷின் எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி போடுவது ஒன்று. டாக்டர் பார்த்ததற்கு இன்னொன்று. பல ஆஸ்பத்திரிகளில் எமர்ஜென்சி டாக்டர்கள் ஒப்பந்தத்தில் வரும் தனிக் குழுவினர். எக்ஸ்-ரே படித்த ரேடியாலஜிஸ்ட் மூன்றாவதாக ஒன்று அனுப்பினாலும் ஆச்சரியமில்லை.

2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்' என்ற சட்டம் இங்கேதான் கைகொடுக்கும். வேலை வழியாக வந்த இன்ஷூரன்ஸோ, அரசின் மார்க்கெட்பிளேஸ் சந்தையில் வாங்கியதோ இருந்தால், டாக்டர் குழு நெட்வொர்க்கில் இல்லாவிட்டாலும் உங்கள் பங்கு இன்-நெட்வொர்க் கணக்கில்தான். மீதியை அவர்களும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே முதலில் இன்ஷூரன்ஸ் அனுப்பும் இ.ஓ.பி.யை, அதாவது அவர்கள் எவ்வளவு கட்டினார்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்டும் அறிக்கையை, எடுங்கள். அதே தேதி, அதே டாக்டர் பெயர் உள்ள வரியில் 'நோயாளி கட்ட வேண்டியது' என்று என்ன தொகை இருக்கிறது? பில் அதைவிடக் கூடுதல் என்றால் கட்டாதீர்கள். டாக்டர் குழுவின் பில்லிங் அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் போன் செய்யுங்கள். மசியவில்லை என்றால் 1-800-985-3059 என்ற அரசு உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். இ.ஓ.பி.யே வரவில்லையா? பெரும்பாலும் உங்கள் கார்டு விவரம் அந்தக் குழுவுக்குப் போய்ச் சேரவில்லை, இன்ஷூரன்ஸ் இல்லாதவர் என்று நினைத்து முழுத் தொகையையும் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவசரத்தில் பதிவு நடக்கும்போது இது அடிக்கடி ஆகும். மெம்பர் நம்பரைக் கொடுத்து, க்ளெய்ம் அனுப்பச் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம், அதற்குக் கெடு உண்டு.

ஆனால் ஒரு விஷயம்: டிடக்டபிள் (இன்ஷூரன்ஸ் கட்டத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) தீரவில்லை என்றால் இ.ஓ.பி.யிலேயே பெரிய தொகை நிற்கும். அது நியாயமான பாக்கி. "டாக்டர் அஞ்சு நிமிஷம்தான் பார்த்தார்" என்ற வாதமும் எடுபடாது. 99281 முதல் 99285 வரையுள்ள எமர்ஜென்சி பில் குறியீட்டு எண்கள் செலவான நேரத்தை வைத்து முடிவாவதில்லை. மருத்துவ முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதை வைத்துத்தான். சந்தேகம் இருந்தால் விவரமான பில்லைக் கேட்டு, என்ன குறியீடு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சின்ன வெட்டுக்காயத்துக்கு உச்ச நிலையான 99285 என்றால் கேள்வி கேட்கலாம்.

டாக்டரின் இணையப் பக்கத்தில் எங்கள் இன்ஷூரன்ஸ் பெயர் இருக்கிறது. நம்பலாமா?

அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒப்பந்தம் டாக்டரின் பெயரோடு முடிவதில்லை. எந்தக் குழுவின் வரி எண்ணில் பில் போகிறது, எந்த ஆஸ்பத்திரி, உங்களுடையது எந்தத் திட்டம் என்பதெல்லாம் சேர்ந்துதான் நெட்வொர்க். ஒரே டாக்டர் திங்கட்கிழமை ஒரு குழுவுக்காக நெட்வொர்க்குக்கு உள்ளேயும், வியாழக்கிழமை வேறோர் ஆஸ்பத்திரியில் வெளியேயும் இருக்கலாம். இன்ஷூரன்ஸைக் கூப்பிட்டால் கார்டில் உள்ள திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எமர்ஜென்சி டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவதில்லை; ஷிஃப்டில் யார் இருக்கிறாரோ அவர்தான். ஆகவே முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டியது ஆஸ்பத்திரியை.

பெயருக்குப் பின்னால் எம்.டி., டி.ஓ., எஃப்.ஏ.சி.இ.பி. என்று என்னென்னவோ போடுகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

எம்.டி., டி.ஓ. இரண்டும் முழு மருத்துவப் பட்டங்கள். உரிமத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை. அதற்குப் பிறகு எமர்ஜென்சி மருத்துவத்தில் 3 அல்லது 4 வருட ரெசிடென்சி (ஆஸ்பத்திரிப் பயிற்சி). அதன்பின் 'போர்டு சர்ட்டிஃபிகேஷன்' தேர்வு. இதை நடத்துவது அமெரிக்கன் போர்டு ஆஃப் எமர்ஜென்சி மெடிசின், டி.ஓ.க்களுக்கென்று தனி போர்டும் உண்டு. எமர்ஜென்சி மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்பட்டதே 1979-ல்தான்.

எஃப்.ஏ.சி.இ.பி. என்பது தேர்வுச் சான்று அல்ல, எமர்ஜென்சி டாக்டர்கள் சங்கம் தரும் கௌரவம். 'போர்டு எலிஜிபிள்' என்றால் தேர்வு இன்னும் முடியவில்லை. என்.பி.ஐ. என்ற பத்து இலக்க எண் பில் போடுவதற்கான அடையாளம் மட்டுமே. அது இருப்பதாலேயே யாரும் திறமைசாலி ஆகிவிடுவதில்லை. சரிபார்க்க இரண்டு இடம் போதும்: உரிமத்துக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் அந்த மாநில மெடிக்கல் போர்டின் தளம்; அமெரிக்கன் போர்டின் தேர்வுச் சான்றுக்கு 'சர்ட்டிஃபிகேஷன் மேட்டர்ஸ்' என்ற தளம். இரண்டிலும் தேடுவது இலவசம்.

சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் ஃபேமிலி மெடிசின் டாக்டர் எமர்ஜென்சி பார்ப்பது சகஜம். அது விதிமீறல் அல்ல. டாக்டர் அல்லாத பி.ஏ. (ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்) அல்லது நர்ஸ் பிராக்டிஷனர் மட்டும் பார்த்து அனுப்புவதும் உண்டு. "டாக்டரும் ஒருமுறை பார்ப்பாரா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

நெஞ்சுவலி என்று ஓடினோம். கடைசியில் வாயுத்தொல்லை. 'எமர்ஜென்சி இல்லை' என்று இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிட்டது.

அப்பீல் செய்யுங்கள். சட்டம் பார்ப்பது முடிவில் கண்டுபிடித்த நோயை அல்ல. சாதாரண மனிதர் ஒருவர் அந்த அறிகுறிகளை வைத்து ஆபத்து என்று நினைத்திருப்பாரா என்பதைத்தான். அப்பீல் கடிதத்தில் நோயின் பெயரைவிட அறிகுறிகளுக்கு இடம் கொடுங்கள்: எப்போது வலி தொடங்கியது, இடது கைக்குப் பரவியதா, வியர்த்ததா. ஆஸ்பத்திரியின் ட்ரையாஜ் குறிப்பை (வந்தவுடன் நர்ஸ் எழுதும் முதல் குறிப்பு)க் கேட்டு வாங்கி இணையுங்கள். மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம். அதுவும் தோற்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனியைச் சாராதவர்கள் செய்யும் வெளி மறுஆய்வு கேட்கலாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்தால் இதெல்லாம் பொருந்துமா?

மேலே சொன்ன பில் பாதுகாப்பு பொருந்தாது. பயண இன்ஷூரன்ஸ் 'நோ சர்ப்ரைசஸ்' சட்டத்துக்கு வெளியே. சிகிச்சை மறுக்கப்படுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம்: மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸை ஏற்கும் எந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியும் பணம், விசா, கார்டு எதையும் காரணம் காட்டாமல் பரிசோதித்து, நிலைப்படுத்தியே ஆக வேண்டும் என்பது 1986-ன் எம்டாலா சட்டம்.

பாலிசி வாங்கும்போது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போடும் மலிவான வகையைத் தவிருங்கள். அதில் எமர்ஜென்சி பில்லின் ஒரு மூலைதான் கட்டப்படும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கான விதியை வரிவரியாகப் படியுங்கள்.

பெரிய பில் வந்துவிட்டதா? லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி எதுவும் எழுதப்பட்ட நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். அந்தத் திட்டம் எந்த டாக்டர்களுக்குப் பொருந்தும், எவர்களுக்குப் பொருந்தாது என்ற பட்டியலும் அவர்களிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரி பில் தள்ளுபடியாகி, எமர்ஜென்சி டாக்டர் குழுவின் பில் மட்டும் அப்படியே நிற்பது அந்தத் திட்டம் அவர்களுக்குப் பொருந்தாததால்தான். திட்டம் பொருந்தாத குழுவிடம் தனியாகப் பேசி, ரொக்க விலையோ தவணையோ கேட்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் பில்?

ஹெலிகாப்டர் என்றால் 'நோ சர்ப்ரைசஸ்' சட்டம் காக்கும். சாலையில் வரும் ஆம்புலன்ஸுக்கு அந்தச் சட்டம் இல்லை. சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் வைத்திருக்கின்றன. மாநில இன்ஷூரன்ஸ் துறையிடம் விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.