அந்தோனெல்லோவின் 'மங்கள வார்த்தை மரியா' ஓவியத்தில் வானதூதர் ஏன் இல்லை?

இயேசுவைப் பெற்றெடுப்பாய் என்று மரியாவிடம் அறிவிக்கும் வானதூதர் கபிரியேல் இல்லாமல் இது எப்படி மங்கள வார்த்தைக் காட்சியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிசிலியின் பலெர்மோவில் உள்ள இந்தச் சிறிய பலகை ஓவியத்தை அந்தோனெல்லோ தா மெசினா 1476ஆம் ஆண்டையொட்டி வரைந்தார். வானதூதர் வெளியே, நாம் நிற்கும் பக்கத்தில் இருக்கிறார் என்பதே என் வாசிப்பு. அந்த வலது கையைப் பாருங்கள். விரல்கள் நம்மை நோக்கி நீண்டு, குறுக்கத் தோற்றத்தில், அதாவது நம் பக்கம் நீள்வதால் நீளம் குறைந்து தெரியும்படி, வரையப்பட்டிருக்கின்றன. பேசிக்கொண்டிருப்பவரைச் சற்றே நிறுத்தச் சொல்லும் கை அது. இடது கையோ நீல முக்காட்டை மார்போடு சேர்த்துப் பிடிக்கிறது. லூக்கா நற்செய்தியில் மரியா முதலில் கலங்குகிறார், பிறகுதான் சம்மதிக்கிறார். ஓவியர் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தைப் பிடித்திருக்கிறார். மறுமலர்ச்சிக் காலக் கைகளில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தெரியவில்லை.

மேசைமேல் திறந்திருக்கும் நூல் மரபான அடையாளம். மெல்ல எழும் அதன் தாளைத் தூய ஆவியின் காற்றாகக் கொள்வோரும் உண்டு. இக்காட்சியில் வழக்கமாக வரும் லில்லி மலர், புறா, ஒளிவட்டம் எதுவுமில்லை. வெறும் கருமைதான் பின்னணி.

முகத்தின் மென்மைக்கு எண்ணெய் வண்ணமே காரணம். ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டதால் வெளிச்சம் கோடின்றி நிழலாகிறது. இது நெதர்லாந்து ஓவியர்களின் முறை. அவர்களுள் புகழ்பெற்ற யான் வான் ஐக்கிடமே அந்தோனெல்லோ கற்றார் என்று, இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியது நம்பத்தக்கதல்ல: வான் ஐக் 1441இல் இறந்தபோது இவர் சிறுவர்.