மலையில் செப்பெலின் கட்டுகிறவர்களுக்கு: ஒட்டுக்கோடு, வெள்ளிப் பூச்சு, பனிமூட்டம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பிளாஸ்டிக் கிட் (துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாடல்) கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே ஆகாயக் கப்பல் பற்றியவை. பெரும்பாலும் 1/720 ஹிண்டன்பர்க், சில 1/245 கிராஃப் செப்பெலின். இரண்டும் ஜெர்மன் ஆகாயக் கப்பல்கள்; 1/720 என்றால் நிஜத்தில் 720-இல் ஒரு பங்கு அளவு. ஒரே சந்தேகத்தை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, உடலின் இரண்டு பாதியையும் ஒட்டி, ஒரு நாள் விட்டு உப்புத்தாள் போட்டேன். பெயிண்ட் அடித்தபோது வழவழவென்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து முதுகில் அதே கோடு மறுபடி தெரிகிறது. ஏன்?

ஒரு நாள் போதவில்லை, அவ்வளவுதான். திரவ சிமெண்ட் (மாடலுக்கான பசை) பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. கரைந்த இடம் உப்பி நிற்கும். உள்ளே மாட்டிய கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறும்போது அந்த இடம் சுருங்கி உள்வாங்கும். உப்பி நிற்கும்போதே தேய்த்துச் சமமாக்கிவிட்டால், பிறகு சுருங்கும்போது பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் உங்கள் கண்ணில் படும் கோடு. சமவெளியில் 2 நாள் விட்டால் சமாளிக்கலாம். 14 டிகிரி குளிரில் குறைந்தது 5 நாள், ஆடி மாத மழையில் 10 நாள் விடுங்கள். ஆகாயக் கப்பலில் இறக்கை கிடையாது, மறைவிடமும் கிடையாது. மூக்கிலிருந்து வால் வரை ஓடும் இந்த ஒரு கோடு சரியாக வந்தால் பாதி மாடல் முடிந்த மாதிரி.

ஒட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 1 மி.மீ. பிளாஸ்டிக் அட்டையில் 15 × 8 மி.மீ. துண்டுகள் வெட்டுங்கள். ஒரு பாதியின் உள்விளிம்பில் 6 செ.மீ.க்கு ஒன்று, எதிர்ப் பாதியில் அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களில், பாதித் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டி, ஒரு இரவு விடுங்கள். இவை நாக்குகள். கிட்டோடு வரும் குச்சிகளை நம்பினால் ஒரு பாதி அரை மி.மீ. மேலே நிற்கும். நாக்குகள் இரண்டு விளிம்பையும் ஒரே மட்டத்தில் பிடித்துக்கொள்ளும்.

பிறகு மூக்கில் தொடங்கி 8 செ.மீ. மட்டும் மூடிப் பிடித்து, டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற மெல்லிய சிமெண்டைத் தூரிகையால் ஒட்டுக்கோட்டில் தொடுங்கள். தானாகவே உள்ளே ஓடும். பத்து விநாடி பொறுத்து இரு பக்கமும் அழுத்தினால் கோடு நெடுக மெல்லிய பிளாஸ்டிக் மணி பிதுங்கும். அது பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் பின்னால் பட்டி (இடைவெளி நிரப்பும் பசை) வைக்க வேண்டிவரும். டேப் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, அடுத்த 8 செ.மீ.க்குப் போங்கள். காய்ந்த மணியைக் கத்தியின் முதுகால் சுரண்டி, வாட்டர் பேப்பர் 400, 600, 1000 என்று தண்ணீரோடு தேயுங்கள். நீளவாக்கில் மட்டுமே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். வெள்ளிப் பெயிண்ட் அதை ஊருக்கே காட்டும்.

அதே ஆள்: பட்டிக்குக் கடையில் கிடைக்கும் எம்-சீல் போதுமா?

பெரிய இடைவெளிக்குப் போதும். ஆனால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகக் காயும், அதனால் தேய்க்கும்போது இரு பக்கமும் பள்ளமாகிப் பட்டி மட்டும் மேடாக நிற்கும். கார் பட்டறையில் கிடைக்கும் என்.சி. பட்டி தேய்க்க இதமானது. ஒரே தடவையில் தடிமனாக அப்பாமல் மூன்று மெல்லிய தடவல் கொடுங்கள், சுருங்கும். என் முதல் தேர்வு மூன்றாவது ஒன்று: கிட்டின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டக் குச்சியை (ஸ்ப்ரூ) பொடியாக நறுக்கிச் சிமெண்ட் பாட்டிலில் ஊறப்போட்டால் தேன் பதத்தில் ஒரு கூழ் வரும். அதே பிளாஸ்டிக், அதே கடினம். ஒரு வாரம் காய விட வேண்டும் என்பது மட்டும்தான் குறை.

ஊட்டி: உடலில் நீளமாக ஓடும் வரப்புகளைத் தேய்த்துவிட்டால் விவரம் போய்விடாதா சார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹிண்டன்பர்க் 245 மீட்டர் நீளம், 41.2 மீட்டர் விட்டம், 36 பக்கப் பலகோணம். 1/720-இல் அது 34 செ.மீ. நீளம், 5.7 செ.மீ. விட்டம். ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. அகலம். அந்தப் பலகோணத்தின் மூலை வட்டத்திலிருந்து தட்டைப் பகுதி எவ்வளவு உள்ளடங்கும் தெரியுமா? சுமார் 0.1 மி.மீ., ஒரு தாளின் தடிமன். கிட்டில் வரப்பு 0.3 மி.மீ. எழும்பியிருந்தால், நிஜக் கப்பலில் அது ஏறக்குறைய ஒரு சாண் உயரம். அலுமினியச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணியில் அப்படி ஒரு வரப்பு எங்கே வரும்? 600-ஆல் நீளவாக்கில் தேய்த்து, விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்படும் அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒட்டுக்கோட்டின் மேல் போகும் வரப்பு எப்படியும் அழியும். 0.2 மி.மீ. இழுத்த ஸ்ப்ரூ நூலை ஒட்டி, காய்ந்தபின் மற்ற வரப்புகளின் உயரத்துக்குத் தேய்த்தால் தீர்ந்தது.

ஸ்ப்ரூ இழுப்பது இப்படி: சட்டக் குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் உருட்டி, நடுவில் பளபளத்துத் தொய்ந்ததும் வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து இழுங்கள். மெல்ல இழுத்தால் தடிமன், வேகமாக இழுத்தால் முடி. அந்த முடியே எஞ்சின் கோண்டோலாவின் (உடலுக்கு வெளியே எஞ்சினைத் தாங்கும் கூண்டு) கம்பிக்கும் ஆகும்.

அரவங்காடு: ஸ்ப்ரே அடித்த அரை மணியில் வெள்ளி முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. பெயிண்ட் பழசா?

பெயிண்ட் மேல் பழி போடாதீர்கள், பனிமூட்டம்தான் காரணம். லாக்கர் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது அங்கேயே நுண்துளிகளாகப் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை. கார் பெயிண்ட் கடையில் ஆன்டி-பிளஷ் தின்னர் என்று கேளுங்கள். மெதுவாக ஆவியாகும் வகை. ஏர்பிரஷ்ஷில் தொலைவிலிருந்து ஒரு மெல்லிய தூவல் கொடுத்தால் மேல் அடுக்கு மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, வெண்மை மறையும். நனையும் அளவுக்கு அடித்தால் அடியில் உள்ள பிளாஸ்டிக் வரை கடித்துவிடும்.

வராமல் தடுப்பது எளிது. தை, மாசியில் காலை 11 முதல் 3 வரை வெயில் நேரத்தில் அடியுங்கள். டப்பாவைக் கை பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் வையுங்கள், அடுப்பில் அல்ல. மாடலையும் அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே அடியுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் தானே ஈரத்தை இழுக்கும்.

ஒரு எச்சரிக்கை. மழை நாளில் அறையைச் சூடாக்கக் கணப்பு மூட்டி, ஜன்னலை அடைத்து, அதே அறையில் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் உண்டு. கரைப்பான் ஆவிக்கு ஒரு கங்கு போதும். சுருள் ஹீட்டரும் அப்படியே. அடிப்பது திறந்த திண்ணையில், காய வைப்பது உள்ளே. மணம் போன பிறகு, உடுப்பில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பல்பு எரியவிடும் மர அலமாரி வீட்டில் இருந்தால் அதற்குள் வைக்கலாம். 40 வாட் குண்டு பல்பு, மாடலிலிருந்து ஓர் அடி தள்ளி. உள்ளே 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

குன்னூர்: கார் வீல் சில்வர் ஸ்ப்ரே நேரடியாக அடிக்கலாமா?

கூடாது. அதன் தின்னர் காரமானது, கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினில் சிலந்தி வலை போல விரிசல் விடும். முதலில் பிளாஸ்டிக் பிரைமர், இரண்டு நாள் காய விட்டு, பிறகு தூவல் தூவலாக வெள்ளி. நிறத்திலும் பளபளப்பு வேண்டாம். அந்தத் துணியில் பூசியது அலுமினியப் பொடி கலந்த டோப் (துணியை இறுக்கும் பூச்சு), குரோம் முலாம் அல்ல. ஏழு பங்கு அலுமினியம், மூன்று பங்கு வெளிர் சாம்பல், மேலே பாதிப் பளபளப்பு வார்னிஷ். ஹிண்டன்பர்க்கின் முதன்மை வளையங்கள் 15 மீட்டருக்கு ஒன்று, 1/720-இல் 21 மி.மீ. அந்த இடைவெளிகளில் சிலவற்றை மட்டும் டேப் கட்டி, ஒரு சொட்டு வெள்ளை கலந்த வெள்ளியைத் தூவினால் துணி தெரியும். எல்லாக் கட்டத்தையும் மாற்றினால் சதுரங்கப் பலகை.

கூடலூர்: வால் துடுப்பு வளைந்து வந்திருக்கிறது. வெந்நீரில் போடலாமா அண்ணா?

உங்கள் ஊரைவிட ஊட்டியில் இது பத்திரமான வேலை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகாமல் படுத்துவது அதனால்தான். பாலிஸ்டைரின் நன்றாக இளகுவது 100-ஐ ஒட்டி. ஆகவே கொதிநீரிலும் சட்டென்று குழையாது. துடுப்பை இரண்டு ஓட்டுத் துண்டுக்கோ கண்ணாடிக்கோ நடுவில் வைத்து நூலால் கட்டி, பாத்திரத்தில் வைத்து, மேலே கொதிநீர் ஊற்றி, தானாக ஆறும்வரை தொடாதீர்கள். சுடச்சுட எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பும். உடலின் பாதிகளுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். அவற்றை நாக்குகளே நேராக்கும்.

ஒட்டும்போது துடுப்பின் அடியில் 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி இரண்டு செருகுங்கள். வெறும் ஒட்டில் நிற்கும் துடுப்பு, தூசி தட்டும்போது கையோடு வரும்.

கொடைக்கானல், பள்ளி மாணவர்: ஐயா, கிட்டில் ஸ்வஸ்திகா டிகால் (ஒட்டுப்படம்) இரண்டு துண்டாக வந்திருக்கிறது. இது அச்சுப் பிழையா? பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாமா?

பிழை அல்ல தம்பி. நாஜிச் சின்னத்தைக் காட்டுவதற்கு ஜெர்மனியில் சட்டத் தடை உண்டு. அதனால் சில கிட்களில் அது இருக்காது, சிலவற்றில் துண்டாக வரும். நம் வீட்டு வாசலில் போடும் ஸ்வஸ்திகாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாஜிச் சின்னம் என்பது சிவப்புப் பட்டை, வெள்ளை வட்டம், அதற்குள் சாய்ந்து நிற்கும் கறுப்புச் சின்னம். ஹிண்டன்பர்க்கின் மேல், கீழ்த் துடுப்புகளில் இருந்தது. சரித்திரப்படி வேண்டுமென்றால் ஒட்டத்தான் வேண்டும். கண்காட்சிக்கு என்றால் கிராஃப் செப்பெலினை 1929-ஆம் ஆண்டுக் கோலத்தில் கட்டுவதே நல்லது. அப்போது அந்தச் சின்னமே கிடையாது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் அது ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன், டோக்கியோ, லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக உலகைச் சுற்றியது. குறிப்பட்டையில் எழுத விஷயமும் கிடைக்கும்.

ஹிண்டன்பர்க்கே கட்டினால் ஆண்டைக் கலக்காதீர்கள். பக்கவாட்டில் ஒலிம்பிக் வளையங்கள் 1936-க்கு மட்டும். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்த கோலத்தில் வளையம் கிடையாது. 1936 மார்ச் 4 முதல் பறப்பில் மூக்கில் பெயரே எழுதப்படவில்லை.

வெலிங்டன்: இந்தியாவுக்கு வரவிருந்த பிரிட்டிஷ் ஆகாயக் கப்பல் ஆர்.101-ஐ 1/245 கிராஃப் செப்பெலின் கிட்டிலிருந்து மாற்றிக் கட்ட முடியுமா? நீளம் ஒன்றுதானே?

நீளம் ஆசை காட்டும். நீட்டிக்கப்பட்ட பிறகு ஆர்.101 சுமார் 236.8 மீட்டர், கிராஃப் 236.6 மீட்டர். மாடலில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் விட்டம் 40 மீட்டர், கிராஃப் 30.5. அதாவது 16.3 செ.மீ.க்கு எதிரே 12.4 செ.மீ. கத்தரிக்காயை வெள்ளரிக்காயிலிருந்து செதுக்குவது போல. 1930 அக்டோபர் 4 அன்று இங்கிலாந்தின் கார்டிங்டனில் கிளம்பி, மறுநாள் விடியுமுன் பிரான்சில் போவே அருகே விழுந்து, 54 பேரில் 48 பேரைப் பலிகொண்ட கப்பல் அது. கராச்சியில் அதற்காகக் கட்டிய கொட்டகை காத்திருந்தது. கட்ட ஆசைப்பட்டால் பிளாஸ்டிக் அட்டையில் வளையம் வெட்டி, பட்டை ஒட்டி, அடியிலிருந்து கட்டுவதே வழி.

கிட்டை மாற்றிக் கட்டுவதென்றால் ஹிண்டன்பர்க்கை (எல்.இசட். 129) அதன் ஜோடிக் கப்பலான எல்.இசட். 130 ஆக்குங்கள். உடல் அளவு அதேதான். முக்கிய மாற்றம் எஞ்சின் கோண்டோலாக்களில்: 129-இல் புரொப்பெல்லர் பின்னால் இருந்து தள்ளும், 130-இல் முன்னால் இருந்து இழுக்கும். கோண்டோலாவை வெறுமனே திருப்பி ஒட்டினால் போதாது, வடிவமே வேறு. படம் பார்த்துச் செதுக்குங்கள்.

ஊட்டி: கோண்டோலா (உடலுக்கு அடியில் தொங்கும் அறை) ஜன்னல் கண்ணாடி வெள்ளை பூத்துவிட்டது அண்ணா.

சூப்பர் குளூ வேலை. அதன் ஆவி, ஈரக் காற்றில் கண்ணாடியில் வெண்மையாகப் படியும். மலையில் இன்னும் வேகம். 3 மி.மீ.க்குச் சிறிய ஜன்னலுக்குக் கண்ணாடியே வேண்டாம். பல்குத்தும் குச்சியில் ஃபெவிகால் எடுத்து ஓரத்தைச் சுற்றித் தொட்டு, குறுக்கே இழுத்தால் சவ்வு பிடிக்கும், காய்ந்தால் தெளியும். நாள் கணக்கில் மழை பெய்தால் பால் நிறமாகவே நிற்கும். வெயில் வரட்டும்.

மஞ்சூர்: உள்ளே விளக்கு?

1/245-இல் செய்யலாம். ஒரு 3 மி.மீ. மஞ்சள்-வெள்ளை எல்.இ.டி., சி.ஆர். 2032 பட்டன் செல், இடையே ஒரு சுவிட்ச். 9 வோல்ட் பேட்டரி என்றால் 680 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். ஒட்டுமுன் உடலின் உட்புறத்தில் முதலில் கறுப்பும் அதன் மேலே வெள்ளையும் அடியுங்கள், இல்லாவிட்டால் கப்பல் முழுக்கக் கார்த்திகை விளக்கு.

குன்னூர்: முடித்த 1/245 மாடலைக் கோவைக்குப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். எப்படிக் கட்டுவது?

முதலில் உடலில் 2 மி.மீ. துளை இருக்கிறதா பாருங்கள். ஸ்டாண்டு செருகும் இடத்துக்குள் போட்டால் கண்ணில் படாது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் தலையணையாக உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. இறங்கும்போது அதே அழுத்தம் வெளியிலிருந்து உங்கள் கப்பலை நெரிக்கும். துளையில்லாத உடலில் பலவீனமான ஒட்டு இங்கேதான் வாய் திறக்கும். கரைப்பான் ஆவி வெளியேறவும் அந்தத் துளைதான் வழி. பிறகு 110 செ.மீ. அட்டைப் பெட்டி, உடலுக்கு அடியில் இரண்டு இடத்தில் பிறை வடிவில் வெட்டிய ஸ்பாஞ்ச், மூக்கிலிருந்து கால் பங்கு தூரத்தில் ஒன்று, வாலிலிருந்து கால் பங்கில் ஒன்று. துடுப்புகள் எதிலும் தொடக் கூடாது. பெட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள், மேல் அடுக்கில் போட வேண்டாம்.