பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் லைட்ரூமுக்குச் சந்தா கட்ட வேண்டுமா?

புதிதாக நிக்கான் மிரர்லெஸ் கேமரா வாங்கியிருப்பதாகவும், விடுமுறை நாட்களில் மும்பையைச் சுற்றிப் பறவைகளைப் படம் எடுப்பதாகவும் சொல்லி, படங்களைத் திருத்தவும் அடுக்கிவைக்கவும் உதவும் லைட்ரூம் மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதா, இலவச மென்பொருளே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டுங்காவில் வசித்துக்கொண்டு இதே வகைப் படங்களைப் பல ஆண்டுகளாக எடுத்துவருபவன் என்ற முறையில், படத்தால் வருமானம் இல்லாத ஒருவர் சந்தாவில் தொடங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. மாதத் தொகை சிறியதா பெரியதா என்பதைவிட, பணம் கட்டுவதை நிறுத்தும் நாளில் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதை முதலில் பாருங்கள்.

லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் 2013இல் சந்தா முறைக்கு மாறியது. லைட்ரூமை ஒரே முறை பணம் கொடுத்து வாங்கும் வசதி, 2015இல் வெளிவந்த ஆறாம் பதிப்போடு நின்றுபோனது. போட்டோஷாப்பும் லைட்ரூமும் சேர்ந்து அமெரிக்காவில் மாதம் 9.99 டாலருக்குக் கிடைத்த 20 ஜி.பி. இணையச் சேமிப்புத் திட்டம்தான் பொழுதுபோக்காளர்கள் பலரை உள்ளே இழுத்தது. 2025 ஜனவரி முதல் அது புதியவர்களுக்கு விற்கப்படுவதில்லை. இரண்டும் வேண்டுமென்றால் 19.99 டாலர் திட்டத்துக்குத்தான் போக வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,200 டாலர். இந்தியாவுக்கு விலை தனி என்றாலும், ஒரு மாதத் தொகையைப் பார்க்காமல் ஐந்தாண்டுத் தொகையை ஜி.எஸ்.டி.யோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தால், அந்தப் பணத்தில் வாங்கக்கூடிய லென்ஸ் கண்முன் வந்து நிற்கும். ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டும் திட்டத்தில் இடையில் விலகினால் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் சேருமுன் படித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணத்தைச் சரியாகத் தெரியப்படுத்தவில்லை என்று அமெரிக்க அரசே 2024இல் அடோபி மீது வழக்குத் தொடுத்தது.

சந்தா முடிந்தாலும், படங்களை உங்கள் கணினியிலேயே வைத்துத் திருத்தும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். ஆனால் திருத்தங்களைச் செய்யும் டெவலப் பகுதி பூட்டப்பட்டுவிடும். நீங்கள் பல ஆண்டுகள் செய்த திருத்தங்கள் கேட்டலாக் என்ற அதன் பதிவேட்டில் பத்திரமாக இருக்கும், ஆனால் அந்தப் பகுதிக்குள் போய் அவற்றை மாற்ற முடியாது.

லைட்ரூமுக்குப் போட்டியான கேப்சர் ஒன், டி.எக்ஸ்.ஓ. போட்டோலேப் போன்றவை, ஒரே முறை பணம் கட்டும் நிரந்தர உரிமத்தோடும் கிடைக்கின்றன. விலை அதிகம், அதைவிட முக்கியமாக, நீங்கள் வாங்கிய பதிப்பு அதன்பின் வரும் கேமராக்களின் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதிவுசெய்யும் மூலக் கோப்புகளைத் திறக்காமல் போகலாம். அடோபியின் இலவச டி.என்.ஜி. கன்வெர்ட்டர் கொண்டு ரா கோப்பை டி.என்.ஜி. என்ற பொது வடிவத்துக்கு மாற்றித் திறப்பது ஒரு வழி, ஆனால் எல்லா மென்பொருளிலும் அது பலிக்கும் என்று சொல்ல முடியாது.

உங்களுக்கு முதலில் சொல்வது, நிக்கானே 2021 முதல் இலவசமாகத் தரும் என்.எக்ஸ். ஸ்டூடியோ. கேமராவில் நீங்கள் தேர்ந்தெடுத்த பிக்சர் கண்ட்ரோல் என்ற நிற அமைப்பு அதில் அப்படியே தெரியும் என்பதால், வெள்ளைச் சமநிலையும் எக்ஸ்போஷரும் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அதன் எல்லை தெரிய வந்ததும் டார்க்டேபிளுக்கு வாருங்கள். ரா கோப்புகளைத் திருத்த உதவும், 2009 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

மும்பையின் சிவ்ரி சேற்றுப்பரப்பில் எடுத்த பூநாரைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை வெயிலில் முதுகின் வெளிர் இறகுகள் வெளுத்துப்போயிருக்கும், சேறோ கறுத்துக் கிடக்கும். டார்க்டேபிளில் முதலில் எக்ஸ்போஷரைச் சேற்றுக்கு ஏற்ப உயர்த்திவிட்டு, வெளுத்த இடங்களை ஹைலைட் மீட்புப் பகுதியில் சரிசெய்கிறேன். பிறகு திருத்தம் பறவையில் மட்டும் படும்படி அதைச் சுற்றி ஒரு மாஸ்க் (எல்லைக்கோடு) வரைந்து, அதற்குள்ளும் இளஞ்சிவப்பு நிறத்தை மட்டும் பிடிக்கும்படி மாஸ்க்கைச் சுருக்கி, இறகின் ஒளியைத் தனியாகக் குறைக்கிறேன். லைட்ரூமில் பறவையை ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுத்துவிடலாம், படத்தின் புள்ளிக் கறைகளை நீக்கும், 2023இல் வந்த அதன் டீநாய்ஸ் வசதியும் மிக நல்லது. இந்த இரண்டிலும் பணத்துக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. கல்யாணத்துக்குப் படம் எடுத்து ஆயிரக்கணக்கில் திருத்திக் கொடுப்பவருக்கு இதில் மிச்சமாகும் நேரம் பணம். ஞாயிற்றுக்கிழமை பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து நிதானமாக உட்காருபவருக்கு, கையால் மாஸ்க் வரைவதே ஒளியைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும்.

போட்டோஷாப்பில் போலப் படத்தை அடுக்குகளாக, அதாவது லேயர் வைத்துச் செய்யும் வேலைக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2025இல் வந்த அதன் 3.0 பதிப்பில், பல ஃபில்டர்களை மூலப்படத்தைச் சிதைக்காமல் போட்டுப் பின்னர் மாற்றிக்கொள்ள முடிகிறது. இதே வகை வேலைக்கான அஃபினிட்டியும் இப்போது இலவசம்: 2024இல் அதை வாங்கிய கேன்வா நிறுவனம், 2025 அக்டோபரில் விலையை நீக்கி, கேன்வா கணக்கு இருந்தால் போதும் என்றது. நல்ல மென்பொருள்தான், தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் கிம்ப், டார்க்டேபிள் இரண்டும் யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜி.பி.எல். உரிமத்தில் வருபவை; இன்று உங்களிடம் உள்ள பதிப்பை எவரும் திரும்பப் பெற முடியாது. ஒரு நிறுவனம் விலை வைக்காமல் தருவதற்கு அந்த உறுதி கிடையாது. கிராக் செய்த போட்டோஷாப்பைப் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வைரஸ் ஏறினால் போவது படங்களும்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரு மென்பொருளில் செய்த திருத்தம் இன்னொன்றில் அப்படியே வராது. நட்சத்திரக் குறியும் குறிச்சொற்களும் படத்தோடு சேர்த்து வைக்கும் எக்ஸ்.எம்.பி. என்ற குறிப்புக் கோப்பு வழியாகப் பெரும்பாலும் வந்துவிடும். ஆகவே ரா கோப்புகளைத் தேதிவாரியான ஃபோல்டர்களில் நீங்களே வைத்துக்கொண்டு, மிகவும் பிடித்த படங்களை மட்டும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய, தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாகவும் சேமித்துவையுங்கள். பின்னாளில் சந்தாவுக்கே போவதென்று முடிவு செய்தால், கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தி வரும்போது, அந்த மாதம் லைட்ரூமைத் திறந்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.